எழுதி வைக்காத பாட்டு!



முதலில் உங்களிடம் ஒரு உண்மையை ஒப்புக்கொள்கிறேன். நான் நான்காம் வகுப்பு ஆசிரியராக இருந்தபோது, கடைசி பெஞ்சில் ஒரு பையன் உட்கார்ந்திருப்பான். அவனிடம் ஒரு தகரப் பென்சில் டப்பா இருந்தது. எந்நேரமும் அதன்மேல் 'டக்கு டக்கு' என்று தாளம் போட்டுக்கொண்டே இருப்பான். நாங்கள் வாய்ப்பாடு சொன்னால் வாய்ப்பாட்டுக்குத் தாளம். வெளியே மழை பெய்தால் மழைக்குத் தாளம்! ஒருநாள் கோபம் வந்து, அந்த டப்பாவைப் பிடுங்கி அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டேன். அன்று முழுக்க அவன் பேசவே இல்லை.

இத்தனை வருடம் கழித்து அவன் நினைவு ஏன் வந்தது தெரியுமா? என் பேத்தியால்தான். அவள் கம்ப்யூட்டரில் ஒரு இசை நிகழ்ச்சியைப் போட்டுக் காட்டினாள். மேடையில் மூன்றே பேர். ஒருவர் பியானோ வாசிக்கிறார். ஒரு பெண் தன்னைவிட உயரமான ஒரு வாத்தியத்தை அணைத்துக்கொண்டு நிற்கிறார். இன்னொருவர் டிரம்ஸ் முன்னால் உட்கார்ந்திருக்கிறார். பாடுபவர் யாரும் இல்லை.

கொஞ்ச நேரம் கேட்ட பேத்தி புருவத்தைச் சுருக்கினாள். "தாத்தா, இதே பாட்டை இவங்க ஆல்பத்தில கேட்டிருக்கேன். இங்கே வேற மாதிரி வாசிக்கிறாங்களே... தப்பா வாசிக்கிறாங்களா?" என்று கேட்டாள்.

நல்ல கேள்வி! அதற்கான பதிலைத்தான் இன்று நாம் தேடப்போகிறோம். வாருங்கள்!

யார் இந்த மூவர்?

பியானோ வாசித்தவர் பெயர் விஜய் ஐயர். பெயரைக் கேட்டதும் நம்ம ஊர்க்காரர் போலிருக்கிறதே என்று நினைக்கிறீர்களா? அவருடைய பெற்றோர் தமிழ்நாட்டிலிருந்து அமெரிக்கா சென்றவர்கள். விஜய் 1971ம் ஆண்டு அங்கே, நியூயார்க் மாநிலத்தில் பிறந்தார். 3 வயதில் வயலின் கற்கத் தொடங்கி, 15 ஆண்டுகள் முறையாகப் பயின்றார்.

அப்படியானால் பியானோவை யாரிடம் கற்றார்? யாரிடமும் இல்லை! வீட்டில் அக்காவுக்காக ஒரு பியானோ இருந்தது. அதைத் தட்டித் தட்டி, காதால் கேட்டுக் கேட்டுத் தானே பழகிக்கொண்டார். கல்லூரியில் படித்தது கணிதமும் இயற்பியலும். அந்தப் படிப்பைத் தொடர்ந்தபோது இசை அவரைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டது. இசையை மனித உடலும் மனமும் எப்படி உணர்கின்றன என்று ஆராய்ந்து 1998ல் டாக்டர் பட்டம் பெற்றார். 2014 முதல் புகழ்பெற்ற ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் பேராசிரியர்.

உயரமான வாத்தியத்துடன் நின்றவர் லிண்டா மே ஹான் ஓ. மலேசியாவில் பிறந்து, ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் வளர்ந்தவர். அவர் வாசிப்பது டபுள் பேஸ். வயலினுக்குப் பெரியப்பா என்று வைத்துக்கொள்ளுங்களேன்! ஆறடி உயரம், நான்கு தடித்த தந்திகள். அவற்றை விரலால் இழுத்து விட்டால் 'தும்... தும்...' என்று தரை அதிர்வதுபோல் ஒலிக்கும். 2020ல் வந்த 'சோல்' என்ற கார்ட்டூன் படம் பார்த்தீர்களா? அதில் ஜாஸ் குழு வாசிக்கும்போது கேட்கும் பேஸ் ஒலி இவர் வாசித்ததுதான்.

டிரம்ஸ் வாசித்தவர் டைஷான் சோரி. 1980ல் அமெரிக்காவின் நூவர்க் நகரில் பிறந்தவர். பியானோவும் டிராம்போன் என்ற ஊதுகுழலும் கூட அவருக்குக் கைவந்தவை. பெரிய இசைக்குழுக்களுக்கு இசை எழுதுகிறவர். அமெரிக்காவின் உயர்ந்த விருதுகளில் ஒன்றான புலிட்சர் பரிசு, 2024ல் இசைக்காக இவருக்குக் கிடைத்தது.

மூவரும் சேர்ந்து 2021ல் 'அனீஸி' என்ற ஆல்பத்தை வெளியிட்டார்கள். 'மனசுக்கு நிம்மதி இல்லை' என்று பொருள். அடுத்து 2024 பிப்ரவரியில் 'கம்பேஷன்' வந்தது. அதற்குப் 'பரிவு' என்று பொருள். புது ஆல்பம் வெளிவந்தால் ஜாஸ் கலைஞர்கள் கேக் வெட்டுவதோடு நிறுத்திக்கொள்ள மாட்டார்கள். ஊர் ஊராகப் போய், ரசிகர்கள் முன்னால் அந்தப் பாட்டுகளை நேரில் வாசிப்பார்கள். அதுதான் அவர்களுடைய கொண்டாட்டம்.

ஜாஸ் எங்கே பிறந்தது?

ஆப்பிரிக்காவிலிருந்து லட்சக்கணக்கான மக்களைச் சங்கிலியில் கட்டி, கப்பலில் ஏற்றி, அமெரிக்காவுக்கு அடிமைகளாகக் கொண்டு சென்ற கொடுமையை வரலாற்றுப் பாடத்தில் படித்திருப்பீர்கள். அவர்களிடமிருந்து மொழியைப் பிடுங்கினார்கள், பெயரைக்கூடப் பிடுங்கினார்கள். ஆனால் தாளத்தைப் பிடுங்க முடியவில்லை. அவர்களுடைய வழித்தோன்றல்களான கறுப்பின மக்கள், நூறு ஆண்டுகளுக்கும் முன்பே, நியூ ஆர்லியன்ஸ் என்ற துறைமுக நகரில் உருவாக்கிய இசைதான் ஜாஸ். பிறகு அது உலகம் முழுவதும் பரவியது.

ஜாஸின் உயிர் எது தெரியுமா? அந்த நிமிடத்தில், மேடையிலேயே, புதிதாக இசையை உண்டாக்குவது!

'அது எப்படி முடியும்? மூன்று பேரும் இஷ்டத்துக்கு வாசித்தால் சந்தைக்கடை ஆகிவிடாதா?' என்று நீங்கள் கேட்பது என் காதில் விழுகிறது.

கச்சேரியில் கற்பனை ஸ்வரம் பாடுவதைக் கேட்டிருக்கிறீர்களா? ராகமும் தாளமும் மாறாது. அந்த வேலிக்குள் பாடகர் எங்கே வேண்டுமானாலும் போகலாம். கடைசியில் பல்லவிக்கு வந்து சேர்ந்துவிட வேண்டும். ஜாஸிலும் ஒரு வேலி உண்டு. முதலில் மூவரும் சேர்ந்து பாட்டின் மெட்டை வாசிப்பார்கள். அந்த மெட்டுக்கு அடியில், இந்த இடத்தில் இந்த ஸ்வரக் கூட்டு வரவேண்டும் என்று ஒரு வரிசை இருக்கும். அந்த வரிசை திரும்பத் திரும்பச் சுற்றிக்கொண்டே இருக்க, ஒருவர் அதன்மேல் புதுக் கோலம் போடுவார். அடுத்தவர் முறை வரும்போது அவர் இன்னொரு கோலம். கடைசியில் மூவரும் மெட்டுக்குத் திரும்பி முடிப்பார்கள்.

புள்ளிகள் ஒன்றுதான். கோலம் மட்டும் தினமும் வேறு!

கண்ணும் காதும்

அந்த நிகழ்ச்சியை இரண்டாம் முறை பார்த்தபோது, அவர்களுடைய கைகளை விட்டுவிட்டுக் கண்களை மட்டும் கவனித்தேன். பியானோக்காரர் திடீரென்று சத்தத்தைக் குறைக்கிறார். அடுத்த நொடியே டிரம்ஸ்காரர் குச்சியைக் கீழே வைத்துவிட்டு, கம்பி நார்களால் ஆன பிரஷ்ஷை எடுத்துத் தோலின்மேல் மெல்லத் தேய்க்கிறார். பேஸ் வாசிப்பவர் நான்கு ஸ்வரம் வாசிக்க வேண்டிய இடத்தில் ஒன்றே ஒன்றை வாசித்துவிட்டுக் காத்திருக்கிறார். யாரும் யாருக்கும் கட்டளை இடவில்லை. 'அவர் இப்போது மெதுவாகப் பேச விரும்புகிறார்' என்று மற்ற இருவருக்கும் புரிந்துவிடுகிறது. அவ்வளவுதான்.

இது ஒரே நாளில் வந்துவிடாது. விஜயும் டைஷானும் இருபது ஆண்டுகளுக்கும் மேலாகச் சேர்ந்து வாசிப்பவர்கள். ஸ்வரங்களை வீட்டில் தனியாக உட்கார்ந்து பயிற்சி செய்யலாம். ஆனால் அடுத்தவரைக் கேட்பதை, அடுத்தவர் பக்கத்தில் இருந்தால்தான் பழக முடியும்!

தப்பு வந்தால்?

சரி, மேடையில் தவறு நேர்ந்தால் என்ன ஆகும்? இதற்கு ஒரு நிஜக் கதை இருக்கிறது. ஹெர்பி ஹான்காக் என்ற பெரிய பியானோ கலைஞர் தானே பலமுறை சொன்னது.

1960களில், ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரில் ஒரு கச்சேரி. தலைவர் மைல்ஸ் டேவிஸ் டிரம்பெட் ஊதுகிறார். இளைஞரான ஹான்காக் பியானோ வாசிக்கிறார். கச்சேரி அருமையாகப் போய்க்கொண்டிருந்தது. மைல்ஸ் தன் கற்பனையின் உச்சத்தில் இருந்த நேரத்தில், ஹான்காக் முற்றிலும் தவறான ஸ்வரக் கூட்டை 'டங்' என்று அடித்துவிட்டார்! வெட்கத்தில் காதை மூடிக்கொள்ளாத குறை.

மைல்ஸ் ஒரு கணம் நிறுத்தினார். முறைக்கவில்லை. அந்தத் தவறான ஸ்வரத்தோடு பொருந்துகிற மாதிரி சில ஸ்வரங்களை ஊதினார். அவ்வளவுதான், தவறு சரியாகிவிட்டது! ஹான்காக்குக்கு ஒன்றும் புரியவில்லை. பிறகு பல ஆண்டுகள் கழித்துத்தான் புரிந்ததாம். மைல்ஸ் அதைத் தவறு என்றே எடுத்துக்கொள்ளவில்லை. 'இப்படி ஒன்று நடந்துவிட்டது, இனி இதை வைத்து நல்லதாக என்ன செய்யலாம்?' என்று மட்டுமே யோசித்திருக்கிறார்.

தேர்வுத் தாளில் சிவப்பு மையால் சுழித்தே பழகிய என் கைக்கு, இந்தக் கதை ஒரு நல்ல குட்டு!

நிலவறையில் ஒரு ஞாயிறு

பியானோ, பேஸ், டிரம்ஸ் மூன்றும் சரிசமமாகப் பேசிக்கொள்ளும் பாணி வளர்ந்ததில் ஒரு ஞாயிற்றுக்கிழமைக்குப் பெரிய பங்கு உண்டு.

நியூயார்க் நகரில் 'வில்லேஜ் வேன்கார்டு' என்ற அரங்கம் இருக்கிறது. அரங்கம் என்றதும் பிரம்மாண்டமாகக் கற்பனை செய்யாதீர்கள். தெருவிலிருந்து படி இறங்கிப் போனால், முக்கோண வடிவில் ஒரு நிலவறை. சுமார் 120 பேர் உட்காரலாம். நம் பள்ளியில் மூன்று வகுப்புப் பிள்ளைகளைச் சேர்த்து உட்கார வைத்தாலே நிறைந்துவிடும்! 1935 முதல் அதே இடத்தில் இயங்குகிறது. உலகின் பெரிய ஜாஸ் கலைஞர்கள் பலர் அங்கே வாசித்திருக்கிறார்கள். விஜய் ஐயரும் வாசித்திருக்கிறார்.

1961 ஜூன் 25 அன்று பில் எவன்ஸ் என்ற பியானோ கலைஞரின் மூவர் குழு, பிற்பகலிலும் இரவிலுமாக ஐந்து முறை அங்கே வாசித்தது. ஒலிப்பதிவுக் கருவி ஓடிக்கொண்டிருந்தது. இன்று அதைக் கேட்டால், இசைக்கு நடுவே கண்ணாடி டம்ளர்கள் 'கிளிங்' என்று உரசும் சத்தமும், யாரோ பேசும் முணுமுணுப்பும் கூடக் கேட்கும். அன்று வாசித்த ஒரு பாட்டு, பில் எவன்ஸ் தன் அண்ணன் மகளான டெபி என்ற சிறுமிக்காக உருவாக்கியது.

அன்று பேஸ் வாசித்தவர் ஸ்காட் லஃபாரோ. வயது 25. அந்த ஞாயிறு முடிந்து 11ம் நாள், கார் விபத்தில் இறந்துபோனார். அந்த மூவர் இனி எப்போதும் சேர்ந்து வாசிக்க முடியாது. பில் எவன்ஸ் மனம் உடைந்து, பல மாதங்கள் மேடைப் பக்கமே வரவில்லை.

அந்த ஒலிப்பதிவு மட்டும் தங்கிவிட்டது. இப்போது கேட்டாலும் மூன்று பேரும் சிரித்துப் பேசிக்கொள்வது போலவே இருக்கிறது. நேரில் வாசிக்கும் ஒவ்வொரு முறையும் ஒரே ஒரு முறைதான் என்பது அப்போதுதான் நமக்கு உறைக்கிறது.

ஃபிளின்ட் நகரத்துக் குழந்தைகள்

'அனீஸி' ஆல்பத்தின் முதல் பாட்டின் பெயர் 'ஃபிளின்ட்டின் குழந்தைகள்' என்று பொருள்படும். வார்த்தைகளே இல்லாத பாட்டு. அதற்கு ஏன் அந்தப் பெயர்?

ஃபிளின்ட், அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் உள்ள ஒரு நகரம். சுமார் ஒரு லட்சம் மக்கள் வாழ்ந்தார்கள். பெரும்பாலோர் கறுப்பின மக்கள், பலர் ஏழைகள். 2014 ஏப்ரலில், செலவை மிச்சப்படுத்துவதற்காக, குடிநீரை அங்குள்ள ஆற்றிலிருந்து எடுக்கத் தொடங்கினார்கள். அந்தத் தண்ணீர் குழாய்களை அரிக்கும் தன்மை கொண்டது. அரிப்பைத் தடுக்கும் மருந்தையும் கலக்கவில்லை. பழைய குழாய்கள் பல காரீயத்தால் ஆனவை. காரீயம் தண்ணீரில் கரைந்து வீடுகளுக்குள் வந்தது.

பாட்டி ஈயச் சொம்பில் ரசம் வைப்பாரே, அது வெள்ளீயம். இது காரீயம், நஞ்சு! அதிலும் வளரும் குழந்தைகளின் மூளையைப் பாதிக்கும் நஞ்சு.

தண்ணீர் பழுப்பாக வருகிறது, நாறுகிறது என்று மக்கள் பாட்டில்களில் பிடித்துக்கொண்டு போய்க் காட்டினார்கள். 'ஒன்றுமில்லை, குடிக்கலாம்' என்றார்கள் அதிகாரிகள். ஆனால் அதே ஆண்டு அக்டோபரில், இந்தத் தண்ணீர் இரும்பை அரிக்கிறது என்று அங்கிருந்த கார் என்ஜின் தொழிற்சாலை அதை நிறுத்திவிட்டது. யோசித்துப் பாருங்கள்: என்ஜினுக்கு ஆகாத தண்ணீரைக் குழந்தைகள் குடித்துக்கொண்டிருந்தார்கள்!

மோனா ஹன்னா என்ற குழந்தை மருத்துவர், குழந்தைகளின் ரத்தத்தில் காரீயம் கூடியிருப்பதைக் கணக்கெடுத்து 2015 செப்டம்பரில் வெளியிட்டார். முதலில் அவரையே தவறு என்றார்கள். அவர் பின்வாங்கவில்லை. அடுத்த மாதமே பழைய இடத்துத் தண்ணீருக்கு மாற வேண்டியதாயிற்று. 2016ல் மாரி கோபெனி என்ற 8 வயதுச் சிறுமி, அப்போதைய அதிபர் ஒபாமாவுக்கு ஒரு கடிதம் எழுதினாள். அவர் பதில் எழுதியதோடு நிற்காமல் ஃபிளின்ட்டுக்கே வந்தார். உங்கள் வயதுதான் அவளுக்கு! சுமார் 11,000 காரீயக் குழாய்களைத் தோண்டி மாற்றும் வேலை 2025ல்தான் முடிந்தது.

அந்தப் பாட்டைக் கேட்பதற்கு முன், கோபமாக இரைச்சலிடும் என்று நினைத்தேன். இல்லை. தூங்குகிற குழந்தையின் பக்கத்தில் உட்கார்ந்து பேசுவதுபோல் மெதுவாகத் தொடங்குகிறது. ஒரு பியானோவால் குழாயை மாற்ற முடியாது. ஆனால் செய்தித்தாள்கள் வேறு செய்திக்குப் போன பிறகும், 'அந்தக் குழந்தைகளை மறந்துவிடாதீர்கள்' என்று ஒவ்வொரு மேடையிலும் அதனால் சொல்ல முடியும்.

தட்டிப் பாருங்கள்!

கணக்குப் படித்த இசைக்கலைஞர் கணக்கைச் சும்மா விடுவாரா? நீங்களும் ஒரு சின்னக் கணக்கு செய்து பாருங்கள்.

குறிலுக்கு 1 மாத்திரை, நெடிலுக்கு 2 மாத்திரை என்று இலக்கணத்தில் படித்திருக்கிறீர்கள். 'த' என்றால் 1, 'தா' என்றால் 2. இப்போது 3 மாத்திரையை எத்தனை விதமாக நிரப்பலாம்? 'த த த', 'த தா', 'தா த': மூன்று விதம். 4 மாத்திரை என்றால் 'த த த த', 'த த தா', 'த தா த', 'தா த த', 'தா தா': ஐந்து விதம். 5 மாத்திரைக்கு? நீங்களே எழுதிப் பாருங்கள். 8 வர வேண்டும்!

1, 2, 3, 5, 8, 13... முந்தைய இரண்டைக் கூட்டினால் அடுத்தது கிடைக்கும். இதை ஃபிபனாச்சி எண்கள் என்பார்கள். இத்தாலிக்காரரான அவர் 1202ல் இதை எழுதுவதற்கு முன்பே, குஜராத்தில் வாழ்ந்த ஹேமச்சந்திரர் என்ற சமண அறிஞர் செய்யுளின் குறில் நெடில்களை எண்ணி இதே வரிசையைச் சொல்லிவிட்டார். இந்த எண்களை வைத்துத் தாளம் அமைத்து வாசித்திருக்கிறார் விஜய் ஐயர். 2009ல் ஆங்கில நாளிதழ் ஒன்றில் அதைப் பற்றிக் கட்டுரையும் எழுதினார்.

அதே 2009ல் வந்த 'ஹிஸ்டாரிசிட்டி' என்ற ஆல்பத்தில், ஈழத்தமிழ்க் குடும்பத்தில் பிறந்த எம்.ஐ.ஏ. என்ற பாடகியின் பாட்டு ஒன்றையும் பியானோவில் வாசித்தார். 2011ல் நம் ஊர் கர்நாடக இசையைக் கிதாரில் வாசிக்கும் பிரசன்னாவோடும், தபலா கலைஞர் நிதின் மித்தாவோடும் சேர்ந்து 'தீர்த்தா' என்ற ஆல்பத்தைத் தந்தார். கேட்கும் காது இருந்தால் எந்த ஊர்த் தாளமும் அன்னியமில்லை!

இப்போது பேத்தியின் கேள்விக்கு வருவோம். அவர்கள் தப்பாக வாசித்தார்களா? இல்லை. ஆல்பத்தில் இருப்பது, அவர்கள் ஒரு நாள் பேசிக்கொண்ட பேச்சு. மேடையில் கேட்டது இன்றைய பேச்சு. நேற்று நண்பனிடம் பேசியதை வார்த்தை மாறாமல் இன்றும் பேசுவீர்களா என்ன?

இதைச் சொன்னதும் அவள் சாப்பாட்டு மேஜையில் விரலால் ஒரு தாளம் தட்டினாள். முன்பு போல் 'சத்தம் போடாதே' என்று சொல்ல என் வாய் எழும்பியது. அடக்கிக்கொண்டேன். கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, பக்கத்தில் இருந்த டம்ளரில் ஸ்பூனால் மெல்ல ஒரு தட்டு தட்டினேன். அவள் நிறுத்தி, என்னைப் பார்த்துச் சிரித்து, எனக்காக ஒரு தட்டு இடம் விட்டு வாசித்தாள்.

அந்தப் பென்சில் டப்பாவை மறுநாளே திருப்பிக் கொடுத்துவிட்டேன், கவலைப்படாதீர்கள். ஆனால் அவன் என்ன தாளம் போட்டான் என்று ஒருநாளும் நின்று கேட்கவில்லையே! அந்தக் குறை எனக்கு இன்னும் இருக்கிறது.

இந்த ஞாயிற்றுக்கிழமை நீங்கள் மூன்று பேர் சேருங்கள். ஒருவர் கைதட்டட்டும், ஒருவர் மேஜையில் தட்டட்டும், ஒருவர் தெரிந்த மெட்டை முணுமுணுக்கட்டும். ஒரே ஒரு விதிதான்: உங்கள் சத்தத்தைவிட மற்ற இருவரின் சத்தம் உங்கள் காதில் நன்றாக விழ வேண்டும். ஐந்து நிமிடம் செய்து பாருங்கள். எவ்வளவு கஷ்டம், எவ்வளவு சந்தோஷம் என்று தெரியும்!